கப்பல் கடைக் கைப்பை

கப்பல் ஏறி முழுசாக ஒரு நாள் ஆவதற்குள்ளேயே கொட்டேஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல்தளத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் மற்றவர்கள் எல்லாம் இனி எழுந்திருக்கவே போவதில்லை என்பது போலக் கிடந்தார்கள். இவருக்கு மட்டும் முதுகு நாற்காலியில் பட்டவுடன் கால் தரைக்கு இறங்கியது. எழுந்து முன்பக்கம் போய்க் கடலைப் பார்த்தார். பின்பக்கம் போய் அதே கடலைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கப்பல் உங்களை விட்டுட்டு எங்கேயும் போயிடாதுங்க. உள்ளேதான் இருக்கோம்," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

கொட்டேஷன் என்பது வீட்டார் வைத்த பெயர். தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் கொள்முதல் அதிகாரி. திருகாணியிலிருந்து தாமிரக் கம்பி வரை எதுவும் அவர் மேஜையைத் தாண்டாமல் உள்ளே வராது. எதை வாங்குவதானாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன், அதாவது விலைப்புள்ளி, கேட்டாக வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்த விதி நாளாவட்டத்தில் ஆபீஸ் வாசலைத் தாண்டி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தலையணை வாங்க மூன்று கடை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மூன்று டாக்டர். மாமனார் வீட்டில் யார் ஆரம்பித்து வைத்தார்களோ, 'சின்ன மாப்பிள்ளை' போய் 'கொட்டேஷன்' நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் பெரிய சகலை, அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர். சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். "நாலு பேரும் போறோம், டிக்கெட் போட்டாச்சு" என்று போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொட்டேஷன் சும்மா இருப்பாரா? தன் பங்கைக் கொடுப்பதற்கு முன் வேறு ஏஜென்ட்டுகளிடம் ரகசியமாக விசாரித்தார். சகலை போட்ட டிக்கெட்தான் எல்லாவற்றையும்விட மலிவு. அன்றிலிருந்து அது அவர் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. யாரிடமும் எதையும் கேட்காமல், போகிற போக்கில் கையை நீட்டி வாங்குகிற மனிதருக்கு அது எப்படி வாய்த்தது?

கரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கப்பலில் கடை திறப்பார்கள். துறைமுகத்தில் நிற்கும்வரை கதவு சாத்தியே கிடக்கும். வரி கேட்க ஆளில்லாத நடுக்கடலுக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் இனிப்பான குரல் அழைக்கும். நாற்காலியில் கிடந்தவர்கள் எல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்திருப்பார்கள். ஐந்தாவது தளத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு வைத்த நீண்ட நடைபாதை. ஒரு கடையில் வாசனைத் தைலம், ஒரு கடையில் கைக்கடிகாரம், அடுத்ததில் சாக்லேட்டும் பாட்டில்களும். பாட்டில் வாங்கினால் கையில் தர மாட்டார்கள், இறங்குகிற நாளன்றுதான் தருவார்கள் என்று எழுதி வைத்திருந்தது. கோடியில் இருந்தது தோல் சாமான் கடை.

அக்கா தங்கை இரண்டு பேரும் நின்றது அங்கேதான். அரக்கு நிறத்தில் ஒரு கைப்பை. பித்தளைக் கொக்கி, உள்ளே மூன்று அறை. சின்னவள் அதைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, புதுத் தோலின் வாசனையைக் கண்ணை மூடி இழுத்தாள். பெரியவளும் அதையே செய்தாள். சின்ன வயதில் புதுப் புத்தகம் வந்தால் இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் மூக்கை வைப்பார்களாம்.

"பிடிச்சிருக்கா? எடுத்துக்கோ," என்றார் லாரிக்காரர் தன் மனைவியிடம். விலைச் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அறைச் சாவியாகவும் பணமாகவும் பயன்படும் அட்டையை நீட்டினார். கடைப்பெண் அதைத் தேய்த்துக்கொண்டே, "கரையில இதே பை இதைவிடக் குறைஞ்ச விலைக்குக் கிடைச்சா வந்து சொல்லுங்க சார். வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம்," என்றாள்.

சின்னவள் கையில் அதே மாதிரி இன்னொரு பை இருந்தது. கொட்டேஷனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"வை, வை. இங்கே வேண்டாம். நாளைக்குக் கரையில பார்த்துக்கலாம்."

"நான் கேட்டேனா? மோந்துதானே பார்த்தேன்." பையை இருந்த இடத்திலேயே, கொக்கி வெளியே தெரியும்படி சரியாக வைத்துவிட்டு நடந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு தொடர்ந்தது. புதுப் பையைப் பெரியவள் மடியிலேயே வைத்திருந்தாள்.

"வரி இல்லைன்னா மலிவுன்னு யார் சொன்னது அண்ணே?" என்றார் கொட்டேஷன். "கடைக்காரன் கப்பல்காரனுக்குப் பங்கு கொடுக்கணும். வாங்குறவனுக்கு வேற கடைக்குப் போக வழியில்லை. சுத்திலும் தண்ணி! இந்த மாதிரி இடத்துல எவனாவது விலையைக் குறைப்பானா? பாட்டில், சென்ட்டு, இதுக்கெல்லாம் ஊர்ல வரி ஜாஸ்தி. அதுல வேணா நமக்குக் கொஞ்சம் மிஞ்சும். தோல் பைக்கு என்ன மிஞ்சும்?"

"அட, விடுங்க சகலை. பிடிச்சிருந்துச்சு, வாங்கினோம்."

"எவ்வளவு அதிகம் கொடுத்தோம்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா சாப்பாடு இறங்குமா?" லாரிக்காரர் சிரித்தார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு ஊருக்குள்ள போய் இதே பையைக் குறைச்ச விலைக்கு வாங்கிட்டு வாங்க. இதே இடத்துல நாற்காலி மேல ஏறி நின்னு, 'எங்க சகலை கெட்டிக்காரர், நான் ஏமாந்த சோணகிரி'ன்னு சொல்றேன். போதுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். கொட்டேஷன் அதை டெண்டர் மாதிரி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கப்பல் நின்ற ஊர் ஒரு மலையை ஒட்டி இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் கடைத்தெரு, அதற்கு மேலே ஓட்டுக் கூரை வீடுகள், அதற்கும் மேலே மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகும் ரோப் கார். அந்த ரோப் கார் படத்தை மனைவி வீட்டிலிருக்கும்போதே பார்த்து வைத்திருந்தாள். ஒரு பெட்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். "நீங்களும் நானும் ஒண்ணுல, அக்காவும் மாமாவும் ஒண்ணுல" என்று அவள் ஊரில் துணி அடுக்கும்போதே ஆள் பிரித்து வைத்திருந்தாள்.

ரோப் கார் வரிசையில் நின்றதும் கொட்டேஷனின் கண் தெருவுக்குப் போனது.

"நீங்க முன்னாடி போயிட்டு இருங்க. ஒரே ஒரு கடை. பின்னாடியே வந்துடறேன்."

"வந்துட்டுப் போகலாமேங்க."

"வரும்போது கடை சாத்திட்டான்னா?"

மனைவி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் படியில் இறங்கும்போது வரிசை நகர்ந்துவிட்டது.

முதல் கடையிலேயே அந்தப் பை இருந்தது. அதே கம்பெனி, அதே கொக்கி, அதே மூன்று அறை. விலையைக் கேட்டார். போனில் நம் பணத்துக்குப் பெருக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பெருக்கினார். கப்பலைவிட எட்டில் ஒரு பங்கு அதிகம்.

சரிதான், இது துறைமுகத்து வாசல் கடை. வருகிறவன் எல்லாம் வெளியூர்க்காரன். இப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். தெரு போகப் போக ஏறியது. சட்டை முதுகில் ஒட்டியது. மருந்துக்கடை, செருப்புக்கடை, முடிதிருத்தும் கடை தாண்டி, இரண்டாவது கடை. அங்கே விலை இன்னும் கூடுதல். மூன்றாவது, நான்கு மாடிக் கடை. மேல் மாடி வரை ஏறினார். பை இருந்தது, அரக்கு நிறம் இல்லை, விலை மட்டும் குறையாமல் இருந்தது.

வெளியே வந்து நிமிர்ந்தபோது கூரைகளுக்கு மேலே ரோப் கார் பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. எதிலோ ஒன்றில் அவள் இருப்பாள். கையைத் தூக்கினார். எந்தப் பெட்டிக்கு என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார்.

கப்பல் ஊதியது. கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான்.

வெறுங்கையோடு போய், 'கிடைக்கவில்லை' என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்குப் பை இல்லை. கப்பல் கடையிலேயே வாங்கலாம். வாங்கினால் அந்த நடைபாதையில் சகலை நின்றுகொண்டிருப்பார்; அவர் ஒன்றும் சொல்லக்கூட மாட்டார், சும்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்ததும் கொட்டேஷனின் கால் தானாகவே முதல் கடைக்குத் திரும்பிவிட்டது. ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார், போவது போல வாசல்வரை நடந்தும் பார்த்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தோல் சாவிக்கொத்தை இனாமாகப் பைக்குள் போட்டார், விலையை அசைக்கவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு, பில்லைக் கசக்கித் துறைமுகத்துக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு, கடைசி ஆளாகப் படியேறினார்.

மூன்று பேரும் மேலே கைப்பிடிக் கம்பியருகில் நின்றிருந்தார்கள்.

"கிடைச்சுதா?" என்றார் லாரிக்காரர்.

"கிடைச்சுது." மூச்சு வாங்கியது.

"விலை?"

கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லத்தான் நினைத்திருந்தார். ஓடி வந்த மூச்சிலோ என்னவோ, நாக்கு தானாக ஏற்றிவிட்டது. "மூணுல ஒரு பங்கு குறைச்சல்."

பெரியவளின் முகம் சட்டென்று வாடியது. மனைவி பையை வாங்கித் திறந்து பார்த்தாள். மோந்து பார்க்கவில்லை. "நல்லாருக்கு," என்றாள்.

லாரிக்காரர் சொன்ன சொல் தவறாதவர். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பரிமாறுகிறவர் பதறிக்கொண்டு ஓடி வந்து ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, அத்தனை பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றுவிட்டார். "எங்க சகலை கெட்டிக்காரர்! நான் ஏமாந்த சோணகிரி!" என்ன விஷயம் என்று தெரியாமலே பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் கைதட்டினார்கள். கொட்டேஷனும் எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். உட்கார்ந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் முழுதும் கடல். பெரியவள் மேல்தளத்துக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, சீப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பை எங்கே அண்ணி?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

"அலமாரியில கிடக்கு தம்பி. எடுத்தாலே உறுத்துது. நான்தான் அவசரப்பட்டு ஆசைப்பட்டேன். இவர் நான் கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டார்."

சின்னவளும் தன் பையை வெளியே எடுக்கவில்லை. அக்கா அலமாரியில் பூட்டி வைத்திருக்கும்போது தான் மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு திரிய அவளுக்கு மனம் வரவில்லை. ஒரே பை இரண்டு, இரண்டு அறையில், இரண்டு அலமாரியில் கிடந்தன. கொட்டேஷன் தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதிரே வந்த ஒரு வெள்ளைத்தாடிக்காரர் இவரும் தேகப்பயிற்சிக்கு நடக்கிறார் என்று நினைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தி உற்சாகப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"சகலை, கிளம்புங்க! இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. கரையில குறைஞ்ச விலைக்குக் கிடைச்சா வித்தியாசத்தைத் தர்றேன்னு அந்தக் கடைப்பொண்ணு சொல்லிச்சே! எனக்குப் பணம் பெரிசில்லை. இவ மூஞ்சியைப் பாருங்க, நேத்திலிருந்து விளக்கு அணைஞ்ச மாதிரி இருக்கா. அந்தப் பணத்தை வாங்கி இவ கையில கொடுத்துட்டா ஆறிடும். பில்லை எடுங்க."

"பில்லா? பில்லு… தொலைஞ்சு போச்சு அண்ணே."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளின் பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற மனிதர் அவர்.

"தொலைச்சீங்களா? நீங்களா?" என்றாள் மனைவி.

"ஓடி வந்தேன் இல்ல… எங்கேயோ விழுந்திருக்கும்."

"போனாப் போகுது. நீங்க நேர்ல வந்து சொன்னா போதும். உங்க வாய்க்கு முன்னாடி எவன் நிப்பான்?" லாரிக்காரர் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டே போனார். பெண்கள் இருவரும் பின்னால் வந்தார்கள்.

கடையில் அதே பெண்தான் இருந்தாள். பொறுமையாகக் கேட்டாள். பில் இல்லாமல் கொஞ்சம் சிரமம் என்றாள். வாங்கிய கடையின் பெயர் தெரிந்தால் போன் செய்து கேட்டுப் பார்க்கலாம் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "சார், அந்த ஊர்ல போன தடவை நிக்கும்போது நாங்களே இறங்கிப் போய் விலை பார்த்தோம். அங்கே எங்களைவிட ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு," என்றாள்.

"அப்போ எங்க சகலை பொய் சொல்றாரா?" லாரிக்காரரின் குரல் ஏறியது. ஏறினால் அந்தக் குரலுக்கு நடைபாதை போதாது. கடிகாரக் கடையில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "நடுக்கடல்ல வெச்சு இப்படித்தான் ஆளாளுக்குத் தலையைத் தடவுவீங்களா?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். டை கட்டிய ஒல்லியான மனிதர். வாடிக்கையாளரிடம் சிரித்த அதே வாயோடு கடைப்பெண் பக்கம் திரும்பி, "விலை பார்த்துட்டு வரச் சொன்னது உன்னைத்தானே? போனியா, இல்லை ஊர் சுத்திட்டு வந்து ஏதோ எழுதிக் கொடுத்தியா?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"போனேன் சார். ரெண்டு கடைக்குப் போனேன்."

"பின்னே இவங்க எப்படிச் சொல்றாங்க?"

அவள் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். கை வைத்த இடம் ஈரமாக இருந்தது. கொட்டேஷன் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எந்தத் தெருவில் ஏறியிருப்பாள், எந்தக் கடைகளுக்குப் போயிருப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லை," என்றார்.

"என்ன சகலை?"

"அவ சொல்றது சரிதான் அண்ணே. இங்கேதான் விலை கம்மி. நான் வாங்கினது ஜாஸ்தி விலைக்கு."

"ஜாஸ்தியா? எவ்வளவு?"

"எட்டுல ஒரு பங்கு." அந்த நேரத்திலும் கணக்கு பிசகாமல் வந்தது.

லாரிக்காரர் கடைப்பெண் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சுக்கம்மா. சத்தம் போட்டுட்டேன்." அவ்வளவுதான். யாரையும் பார்க்காமல் நடந்தார். பெரியவள் பின்னாலேயே போனாள்.

மேலாளரின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. "சார், இப்போ சொன்னீங்களே, இங்கேதான் கம்மின்னு… அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்ல முடியுமா? அங்கே நிக்கிறவங்களுக்குக் கேட்கலை."

கொட்டேஷன் கடைப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை சார்," என்றாள் அவள், வாங்காமல் போகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில். ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அறைக்குள் நுழைந்ததும் மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"பணம் போனதைப் பத்திப் பேசலை," என்றாள். "பை வேணும்னு நான் கேட்கவும் இல்லை. ரோப் கார்ல போகணும்னுதான் கேட்டேன். ரெண்டு பேர் உட்கார்ற பெட்டி. பக்கத்துல ஆள் இல்லைன்னு யாரோ ஒரு அம்மாவைக் கூட ஏத்தி விட்டாங்க. அந்தம்மா பயந்து போய்க் கண்ணை இறுக்க மூடிட்டு என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. உச்சிக்குப் போனப்போ கப்பல் தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் கடல். அவ்வளவு அழகு. யார்கிட்ட காட்டறது? அந்தம்மா கண்ணையே திறக்கலை."

அவர் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க அப்போ எங்கே இருந்தீங்க?"

"கீழே. மூணாவது கடை வாசல்ல. நிமிர்ந்து பார்த்தேன். நீ எந்தப் பெட்டின்னு தெரியலை."

"தெரிஞ்சிருந்தா?"

"கையை ஆட்டியிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு, "போங்க. முதல்ல அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க. நேத்திலிருந்து அவ மூஞ்சியை என்னால பார்க்க முடியலை," என்றாள்.

அக்கா அறையில் இல்லை. லாரிக்காரர்தான் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொட்டேஷன் உள்ளே போய், உட்காராமல் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணே. உங்களை நாற்காலி மேல வேற ஏத்திட்டேன்."

"நான் ஏறினதுல என்ன இருக்கு? நாலு பேர் கைதட்டினாங்க." சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "சகலை, ஒண்ணு சொல்றேன். நான் விலை கேட்காத ஆளுன்னு நீங்க எல்லாரும் நினைக்கிறீங்க. காலையில எழுந்தா டீசல் என்ன விலை, டயர் என்ன விலை, ஓட்டுநர் எவ்வளவு கேட்கிறான், செக்போஸ்ட்ல எவ்வளவு பிடுங்கினான். நாள் பூரா அதே பேச்சுதான். நான் சண்டை போடாத ஆள் பாக்கி இல்லை. இந்த நாலு நாள்தான் வாயைக் கட்டிக்கிட்டு, அவ கேட்கிறதைக் கேட்ட உடனே வாங்கிக் கொடுக்கணும்னு வந்தேன். அதனால ஏமாந்தாலும் ஏமாந்துட்டுப் போறேன். என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. ஊருக்குப் போன பிறகு எவ்வளவு வேணா சொல்லுங்க, உட்கார்ந்து கேட்டுக்கறேன்."

"இதுல நீங்க ஏமாறவே இல்லையே அண்ணே. நான்தானே…"

"அதையும் சொல்லாதீங்க!"

அப்போது பெரியவள் வந்தாள். தங்கையைப் பார்த்து மிச்சக் கதையையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். "ஏன் தம்பி, பொய் சொல்றதுன்னு ஆச்சு, கொஞ்சமாச் சொல்லக் கூடாதா? மூணுல ஒரு பங்கா? ராத்திரி பூரா புரண்டு படுத்தேன்," என்று அலமாரியைத் திறந்தாள். பிளாஸ்டிக் கவரைப் பைக்குள் அப்படியே கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை, கண்ணாடி எல்லாம் விழுந்தன. கொக்கியை மாட்டிவிட்டு, "வாங்க, டீ குடிக்கலாம்," என்றாள். லாரிக்காரர் வரவில்லை. அன்று முழுக்க அவர் கொட்டேஷனிடம் ஓரிரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. மறுநாள்தான், நீச்சல் குளத்தருகில், "உங்க வெள்ளைத்தாடி சிநேகிதர் தேடறார் பாருங்க," என்று தானாக ஆரம்பித்தார்.

கடைசி நாள் மதியம் நடைபாதை முழுக்க மேஜைகள் போட்டு, சிவப்புச் சீட்டு ஒட்டி, மிச்சமிருந்த சாமான்களைத் தள்ளுபடியில் கொட்டி வைத்திருந்தார்கள். நாலு பேரும் அந்த வழியாக வந்தபோது கொட்டேஷனின் கண்ணில்தான் முதலில் பட்டது. அரக்கு நிறம், பித்தளைக் கொக்கி. கப்பலில் முதல் நாள் சொன்ன விலையில் முக்கால்தான் இப்போது. அவருடைய வாய் திறந்தது. வாழ்நாளில் இப்படி ஒரு விலை வித்தியாசம் கண்ணெதிரே கிடந்து அவர் பேசாமல் போனது கிடையாது. நாக்கு நுனியில் கணக்கு வந்து நின்று துடித்தது.

மனைவியும் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டாள். செருப்புக் காலால் அவர் காலை அழுத்தி மிதித்தாள். "வாயைத் திறந்தீங்க, தெரியும்," என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டு, சத்தமாக, "அக்கா, அந்தப் பக்கம் சாக்லேட் இருக்கு வா," என்று அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். லாரிக்காரர் சீட்டுகளைப் பார்க்காமலே நடந்தார். அக்காவின் தோளில் புதுப் பை ஆடிக்கொண்டு போனது. நடைபாதையைத் தாண்டும்வரை கொட்டேஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை இறங்கினார்கள். துறைமுகத்துக்கு வெளியே வெயில், பெட்டிகள், வண்டிக்காரர்களின் கூச்சல். கால் தரையில் நின்றாலும் உடம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"சகலை, டாக்ஸி பேசுங்க," என்றார் லாரிக்காரர். "இந்த வேலைக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது. போங்க."

அவர் வாயால் அப்படிக் கேட்டதும் கொட்டேஷனுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. வேட்டைக்குப் போகிறவர் மாதிரி வண்டிகளின் வரிசையை நோக்கிப் போனார். முதல் டிரைவரிடம் பேசினார், இரண்டாவது ஆளிடம் பேசினார், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மூன்றாவது ஆளிடம் போனார். தூரத்திலிருந்து பார்த்தால் கைகள் மட்டும் தெரிந்தன. நெஞ்சில் கை வைத்தார், வானத்தைக் காட்டினார், போவது போல நடந்தார், திரும்பி வந்தார். கடைசியில் முதல் வண்டியே வந்து நின்றது.

பெட்டிகளை ஏற்றினார்கள். லாரிக்காரர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அக்காவுக்கும் கொட்டேஷனுக்கும் நடுவில் மனைவி. வண்டி கிளம்பியதும் மெதுவாக அவர் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"எவ்வளவு குறைச்சீங்க?"

முன் இருக்கையில் லாரிக்காரரின் தலையும் லேசாகத் திரும்பியது.

கொட்டேஷன் சன்னலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணும் குறைக்கலை. அவன் கேட்டதுதான்."

"மூணு பேர்கிட்டயும் பேசினீங்களே?"

"மூணு பேரும் அதேதான் கேட்டாங்க."

முன் இருக்கை முதலில் குலுங்கியது. பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. டிரைவர் என்னவென்று தெரியாமல் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.